வெளிநாட்டு டிவி சந்தா: 900 ரூபாய் எப்படி 1,106 ரூபாய் ஆகுது?

திருப்பூர்ல நிட்டிங் யூனிட், பனியன் கம்பெனி நடத்துறவங்ககிட்ட இருந்து கொஞ்ச நாளா ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "சைனா டிவி சேனலை இங்கிருந்தே ஆன்லைன்ல பார்க்க முடியுங்களா? மாசம் பத்து டாலர்னு போட்டிருக்கான். கட்டலாமா? கம்பெனி கணக்குல எழுதிக்கலாமா?"

கேள்வி வர்றதுல ஆச்சரியம் இல்லை. தையல் மெஷின், நிட்டிங் மெஷின், ஊசி, ஜிப், பட்டன், லேபிள் என்று நம்ம தொழிலில் பாதி சாமான் சீனாவில் இருந்து வருகிறது. வருஷத்துக்கு இரண்டு முறை குவாங்சோவில் நடக்கிற கேண்டன் ஃபேருக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். சப்ளையர் பேசுகிற மொழி கொஞ்சமாவது புரிந்தால் பேரம் பேச சுலபம். அதனால் வீட்டுப் பிள்ளைகளோ மெர்ச்சண்டைசரோ சீன மொழி கற்க ஆரம்பித்திருக்கிறார்கள். காது பழக டிவி நல்ல வழி. இது போக, சப்டைட்டிலோடு சீன நாடகத் தொடர் பார்க்கிற கூட்டம் தனி.

பத்து டாலர் சின்னத் தொகைதான். ஆனால் அதற்குள் ஜிஎஸ்டி, ஃபாரெக்ஸ் மார்க்கப், ஆட்டோ டெபிட், தடை செய்யப்பட்ட ஆப், கார்டு மோசடி என்று ஐந்து விஷயம் ஒளிந்திருக்கிறது. சீன சேனலுக்கு மட்டும் இல்லை, வெளிநாட்டுக்கு டாலரில் கட்டுகிற எந்தச் சந்தாவுக்கும் இதே கணக்குதான். டிசைன் சாஃப்ட்வேர், ஃபேஷன் ட்ரெண்ட் தளம், கிளவுட் ஸ்டோரேஜ் எல்லாம் சேர்த்துத்தான் சொல்றேன். இந்த ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில்: எது சட்டப்படி கிடைக்குது?

பணம் கட்டுவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்.

சிசிடிவி என்றால் நமக்கு கடை வாசலில் மாட்டுகிற கேமரா. சீனாவில் அது சைனா சென்ட்ரல் டெலிவிஷன், அரசு தொலைக்காட்சி. 1958இல் பெய்ஜிங் டெலிவிஷன் என்று ஆரம்பித்து, 1978இல் இந்தப் பெயருக்கு மாறியது. அதில் சிசிடிவி 2 என்பது பொருளாதாரச் செய்திக்கான சேனல். சிசிடிவி 4 என்பது வெளிநாட்டில் வாழும் சீனர்களுக்காக 1992இல் தொடங்கிய சேனல். ஆங்கிலத்தில் வருவது சிஜிடிஎன். 2016 டிசம்பர் 31 முதல் இந்தப் பெயரில் வருகிறது. சிஜிடிஎன் நேரலை யூடியூபிலேயே இலவசமாக இருக்கிறது. இதற்குக் காசு கேட்கிற எவனுக்கும் நீங்கள் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

நாடகத் தொடர் பக்கம் போனால் கதை வேறு. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின் கீழ் 59 ஆப்களைத் தடை செய்தது. டிக்டாக், வீசாட் இரண்டும் அதில் போயின. அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று 118 ஆப்கள். நவம்பர் 24 அன்று மேலும் 43. இந்தக் கடைசிப் பட்டியலில் அலிஎக்ஸ்பிரஸோடு சேர்ந்து வீடிவி, மேங்கோ டிவி ஆப்களும் இருந்தன. சீன நாடகங்களை உலகம் முழுக்கக் கொண்டுபோகிற ஆப்கள் இவை.

ஆக, "சைனா டிவி ஆப்" என்று யாராவது லிங்க் அனுப்பினால் முதலில் பாருங்கள். கூகுள் ப்ளே ஸ்டோரிலோ ஆப்பிள் ஆப் ஸ்டோரிலோ இந்தியக் கணக்கில் அது கிடைக்கிறதா? கிடைக்கவில்லை, தனியாக ஏபிகே ஃபைல் இறக்கிப் போடச் சொல்கிறான் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஜிபே, நெட் பேங்கிங் எல்லாம் இருக்கிற போன் அது.

ஒரு நாட்டில் ஓடுவது இன்னொரு நாட்டில் ஏன் ஓடுவதில்லை?

இது சீன சேனலுக்கு மட்டும் உள்ள பிரச்னை இல்லை. ஐபிஎல் மேட்சை இங்கே ஜியோஹாட்ஸ்டாரில் பார்க்கிறோம். அமெரிக்காவில் இருக்கிற உங்கள் தம்பி வில்லோ டிவியில் பார்க்கிறார். ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்பதால் வந்த வேறுபாடு இது. நீங்கள் ஒரு பிராண்டுக்கு டீசர்ட் தைத்துக் கொடுக்கிறீர்கள். அதே டிசைனை வேறு நாட்டில் வேறு ஆளுக்கு விற்க பையர் விடுவாரா? விடமாட்டார். அதே மாதிரிதான்.

குவாங்சோவில் ஹோட்டல் ரூமில் உட்கார்ந்து நம்ம ஊர் செய்தி பார்க்க நினைத்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். அங்கே யூடியூபே திறக்காது. 2009 முதல் அங்கே அது முடக்கப்பட்டிருக்கிறது.

"விபிஎன் போட்டா வந்துடும்" என்கிறவர்களுக்கு

விபிஎன் வைத்திருப்பதே குற்றம் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அப்படி இல்லை. கம்பெனி சர்வரை வீட்டில் இருந்து திறக்க ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் விபிஎன் பயன்படுத்துகின்றன. ஆனால் "விபிஎன் போட்டா எல்லாமே ஓகே" என்பதும் தவறு. மூன்று விஷயம் கவனியுங்கள்.

ஒன்று, அரசு தடை செய்த ஆப் விபிஎன் போட்டாலும் தடை செய்த ஆப்தான். குறுக்கு வழியில் போனதால் அது அனுமதி பெற்றதாக ஆகிவிடாது.

இரண்டு, சந்தா ஒப்பந்தம். "எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டுச் சேவைதான்" என்று பெரும்பாலான தளங்களின் விதிமுறையில் இருக்கும். விபிஎன் போட்டுப் பார்ப்பதைக் கண்டுபிடித்து கணக்கை முடக்கினால் கட்டிய காசுக்கு ரீஃபண்ட் கேட்க உங்களிடம் பிடிமானம் இல்லை.

மூன்று, ரகசியம். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு ஒரு உத்தரவு போட்டது. அதன்படி விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரி, ஐபி முகவரி போன்ற விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இதை ஏற்காத சில பெரிய நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. மறுபக்கம், "இலவச விபிஎன்" என்று வருபவை எதில் சம்பாதிக்கின்றன என்று யோசியுங்கள். சர்வர் வாடகையை யாரோ கட்டத்தான் வேண்டும். நீங்கள் காசாகக் கட்டவில்லை என்றால் உங்கள் தகவலாகக் கட்டுகிறீர்கள்.

"லைஃப்டைம் பெட்டி" ஒரு முறை காசு, ஆயுள் முழுக்க டிவி?

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற இன்னொரு ஆஃபர் இது. ஒரு சின்னப் பெட்டி. டிவியில் மாட்டினால் சீனா, கொரியா, தமிழ், மலையாளம் என்று ஆயிரம் சேனல். மாதச் சந்தா கிடையாது. வெளிநாட்டில் இருக்கிற நம்ம சொந்தக்காரர்கள் வீட்டிலும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

இதற்கு உண்மையான ஒரு வழக்கு இருக்கிறது. அமெரிக்காவில் வாழும் சீனர்களுக்கு டிவிபேட் என்ற பெட்டி விற்பனையானது. மாதக் காசு இல்லாமல் சீன சேனல்கள். 2015இல் சீனாவின் சிசிடிவி, ஹாங்காங்கின் டிவிபி, அமெரிக்காவின் டிஷ் நிறுவனம் எல்லாம் சேர்ந்து கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. அந்த ஆண்டே நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சேனலுக்குச் சொந்தக்காரர்களே "எங்கள் நிகழ்ச்சியைத் திருடுகிறார்கள்" என்று வந்து நின்றார்கள்.

உரிமை இல்லாத சேனலை ஓட்டுகிற பெட்டியின் ஆயுள், பின்னால் இருக்கிற சர்வர் ஓடுகிற வரைதான். சர்வரை மூடினால் பெட்டியை பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொள்ளலாம். "லைஃப்டைம்" என்று சொன்னால் யாருடைய லைஃப் என்று கேளுங்கள். உங்களுடையது இல்லை.

இன்னொன்று. இந்த மாதிரி திருட்டுத் தளங்களின் ஓரத்தில் ஓடுகிற விளம்பரம் பெரும்பாலும் பெட்டிங் ஆப். லாட்டரிச் சீட்டு, ஸ்வீப்ஸ்டேக் போன்றவற்றுக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது, ஃபெமாவின் கீழ் வந்த 2000ஆம் ஆண்டு நடப்புக் கணக்கு விதிகளின் முதல் அட்டவணையிலேயே தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. வீட்டுப் பையன் கார்டு நம்பர் போடுகிற தளம் எது என்று தெரிந்து வைத்திருங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம்

சட்டப்படி இந்தியாவில் கிடைக்கிற, மாதம் 10 டாலர் சந்தா ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கணக்கு சுலபமாக இருக்க ஒரு டாலர் 90 ரூபாய் என்று எடுக்கிறேன். நீங்கள் அன்றைய ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம்ம மனசில் ஓடுகிற கணக்கு: 10 × 90 = 900 ரூபாய். வருஷத்துக்கு 10,800.

உண்மையில் நடப்பது:

– வெளிநாட்டு நிறுவனம் இந்தியாவில் ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஒருவருக்கு ஆன்லைன் சேவை விற்றால் 18% ஐஜிஎஸ்டி வசூலித்துக் கட்ட வேண்டும். சட்டத்தில் இதற்கு ஓஐடிஏஆர் சேவை என்று பெயர். விலையில் வரி சேராமல் இருந்தால் 10 டாலர் 11.80 டாலர் ஆகிவிடும். அதாவது 1,062 ரூபாய்.
– உங்கள் கார்டு வங்கி போடுகிற ஃபாரெக்ஸ் மார்க்கப். பல கார்டுகளில் 3.5%. 1,062க்கு 37.17 ரூபாய்.
– அந்த மார்க்கப் வங்கியின் சேவைக் கட்டணம் என்பதால் அதன் மேல் 18% ஜிஎஸ்டி. 6.69 ரூபாய்.

மொத்தம் 1,105.86 ரூபாய். வருஷத்துக்கு 13,270 ரூபாய். நீங்கள் நினைத்ததைவிட 2,470 ரூபாய் அதிகம். சதவீதத்தில் கிட்டத்தட்ட 23%.

இதை நம்ம ஊர் அளவில் பார்க்கலாம். ஒரு டீசர்ட்டில் எல்லாச் செலவும் போக உங்கள் கையில் நிற்பது 5 ரூபாய் என்றால், இந்த ஒரு சந்தாவைக் கட்ட 2,654 டீசர்ட் கட்டிங் டேபிளில் இருந்து பேக்கிங் வரை போக வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50% வரி போட்டபோது, பீஸுக்கு ஐம்பது பைசா குறைக்கச் சொல்லி பையரோடு மெயிலில் மல்லுக்கட்டினோம் இல்லையா? அந்த ஐம்பது பைசாவுக்குக் கொடுத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கை கார்டு ஸ்டேட்மெண்ட்டுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எந்தக் கார்டில் கட்டுவது?

மார்க்கப் 2% உள்ள கார்டில் கட்டினால் அதே சந்தா மாதம் 1,087 ரூபாய். வருஷத்துக்கு மிச்சம் சுமார் 225 ரூபாய். இதற்காக மட்டும் புதுக் கார்டு வாங்காதீர்கள்.

"ஜீரோ ஃபாரெக்ஸ் கார்டு" என்று விளம்பரம் வருகிறதே, அது? ஆண்டுக் கட்டணம் 500 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்றால் 590 ரூபாய். 3.5% மார்க்கப்பும் அதன் ஜிஎஸ்டியும் சேர்த்தால் 4.13%. 590ஐ 4.13 சதவீதத்தால் வகுத்தால் சுமார் 14,286 ரூபாய். அதாவது வருஷத்துக்கு 14,300 ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுச் செலவு இருந்தால்தான் அந்தக் கார்டு லாபம். குறைவாக இருந்தால் வங்கிக்குத்தான் லாபம்.

பணம் கட்டுகிற பக்கத்தில் "ரூபாயில் கட்டவா, டாலரில் கட்டவா" என்று கேட்டால் பெரும்பாலும் டாலரைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அந்தத் தளம் தன் இஷ்டத்துக்கு ஒரு ரேட் போட்டுக்கொள்ளும். அதற்கு மேல், வெளிநாட்டு வியாபாரிக்கு ரூபாயில் கட்டினாலும் தனிக் கட்டணம் போடுகிற வங்கிகள் இருக்கின்றன. ப்ளே ஸ்டோர் வழியாக ரூபாய் விலையிலேயே அதே சந்தா கிடைத்தால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மார்க்கப் மிச்சம், ரத்து செய்வதும் ஒரே இடத்தில்.

முக்கியமான ஒன்று: வெளிநாட்டுத் தளம் பலவற்றில் ஓடிபி கேட்காமலேயே பணம் போய்விடும். கார்டு நம்பர், தேதி, சிவிவி இருந்தால் போதும். அதனால் பேங்க் ஆப்பில் இன்டர்நேஷனல் பரிவர்த்தனையை ஆஃப் செய்து வையுங்கள். தேவைப்படும்போது ஆன் செய்து, லிமிட்டை 1,500 அல்லது 2,000 ரூபாய்க்கு வையுங்கள். கம்பெனியின் பெரிய லிமிட் கார்டை டிவி சந்தாவுக்குப் போடவே போடாதீர்கள்.

கம்பெனி கணக்கில் எழுதலாமா?

முதலில் யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். சீன சப்ளையரோடு பேசுகிற மெர்ச்சண்டைசர் மொழி கற்கிறார், பயிற்சிக்காக கம்பெனி சந்தா கட்டுகிறது. இது தொழில் செலவு என்று சொல்ல நியாயம் இருக்கிறது. அந்த ஊழியர் பெயர், பயிற்சி பற்றிய ஒரு சின்னக் குறிப்பு, கம்பெனி பெயரில் இன்வாய்ஸ் மூன்றும் ஃபைலில் இருக்கட்டும். வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு நாடகம் பார்க்கத்தான் சந்தா என்றால் அது சொந்தச் செலவு. வருமான வரியில் தொழிலுக்காக மட்டும் செய்த செலவைத்தான் கழிக்க முடியும். ஜிஎஸ்டியிலும் சொந்த உபயோகத்துக்கு வாங்கியதற்கு இன்புட் கிடையாது, சட்டத்தின் 17(5) பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

தொழில் செலவு என்றால் அடுத்த படி, ரிவர்ஸ் சார்ஜ்.

ஜிஎஸ்டி பதிவு உள்ள கம்பெனி வெளிநாட்டில் இருந்து சேவை வாங்கினால், வரி கட்டுகிற பொறுப்பு வாங்குகிறவர் தலையில். 10,800 ரூபாய் சந்தாவுக்கு 18% என்றால் 1,944 ரூபாய் ஐஜிஎஸ்டி. இதை நீங்களே கட்ட வேண்டும், அதுவும் கேஷ் லெட்ஜரில் இருந்து. இருக்கிற இன்புட்டில் கழிக்க முடியாது. கட்டிய பிறகு அதையே இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டிஆர் 3பியில் கட்டுவது 3.1(டி) கட்டத்தில், எடுப்பது 4(ஏ)(2) கட்டத்தில். செல்ஃப் இன்வாய்ஸ் 30 நாளுக்குள் போட வேண்டும் என்று 2024 நவம்பர் 1 முதல் விதி இருக்கிறது.

இங்கேதான் நிறையப் பேர் இரண்டு முறை வரி கட்டுகிறார்கள். சந்தா போடும்போது கம்பெனியின் ஜிஎஸ்டி நம்பரைக் கொடுப்பதில்லை. தளம் உங்களைச் சாதாரண ஆளாக நினைத்து 18% வசூலித்துவிடும். அந்த வரி உங்கள் ஜிஎஸ்டி நம்பருக்கு வராது, இன்புட் எடுக்க முடியாது. பிறகு ஆடிட்டில் "ரிவர்ஸ் சார்ஜ் கட்டவில்லையே" என்று கேள்வி வரும். வட்டி வருஷத்துக்கு 18%. அதனால் கணக்கு ஆரம்பிக்கும்போதே ஜிஎஸ்டி நம்பரைப் போடுங்கள். நம்பரைப் போட வசதியே இல்லாத தளம் என்றால் அது வீட்டுக்கான சந்தா, கம்பெனிக்கானது இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவே இல்லாத சின்ன ஜாப் ஒர்க் யூனிட் என்றால் இந்த வேலை இல்லை. தளம் வசூலிக்கிற வரியோடு முடிந்தது. காம்போசிஷனில் இருந்தால் ரிவர்ஸ் சார்ஜ் கட்ட வேண்டும், ஆனால் இன்புட் கிடையாது. அவர்களுக்கு அந்த 18% முழுச் செலவு.

நூல் விலை, துணி விலை பற்றிய டேட்டா சேவை மாதிரி பெரிய தொகைக்கு வெளிநாட்டில் சந்தா வாங்கினால், டிடிஎஸ் பிடிக்க வேண்டுமா என்று பணம் அனுப்பும் முன்பே உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். அனுப்பிய பிறகு கேட்டால் பதில் தெரிந்தும் பயன் இல்லை.

ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது

போனில் இருந்து ஆப்பை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு "கட் பண்ணிட்டேன்" என்று நினைப்பவர்கள் ஏராளம். ஆப் போனாலும் மேண்டேட் வங்கியில் உயிரோடு இருக்கும்.

2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதி முழுமையாக அமலில் இருக்கிறது. ஆட்டோ டெபிட்டுக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி உங்களுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். அதிலேயே வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். ஓடிபி இல்லாமல் தானாகப் போகும் தொகைக்கு வரம்பு அப்போது 5,000 ரூபாய். 2022 ஜூனில் 15,000 ஆக்கினார்கள். நம்ம சந்தா எல்லாம் இந்த வரம்புக்குள்தான் இருக்கும், அதனால் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். அந்த மெசேஜை விளம்பரம் என்று தள்ளிவிடாமல் படியுங்கள். பேங்க் ஆப்பில் மேண்டேட் பட்டியல் இருக்கும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள்.

ஒருவேளை தெரியாத தளத்தில் கார்டு போய்விட்டதா? உடனே கார்டை பிளாக் செய்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 1930க்கு அழையுங்கள். உங்கள் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை, நடுவில் வேறு எங்கோ திருட்டு நடந்தது என்றால் வங்கியிடம் இருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டம் இல்லை என்பது 2017இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. நீங்களே ஓடிபியோ பின் நம்பரோ சொல்லிவிட்டால், புகார் கொடுக்கும் வரை போன பணம் உங்கள் கணக்கில்தான் நஷ்டம்.

மாதச் சந்தாவா, ஆண்டுச் சந்தாவா?

மாதம் 10 டாலர், ஆண்டுக்கு 90 டாலர் என்று இருந்தால் "30 டாலர் மிச்சம்" என்று கண்ணில் படும். திருப்பிப் பாருங்கள். ஒன்பது மாதத்துக்குக் குறைவாகப் பார்த்தால் ஆண்டுச் சந்தா நஷ்டம். மொழி கற்க ஆரம்பித்தவர்கள் எத்தனை பேர் ஒன்பது மாதம் தொடர்கிறார்கள்? உங்களுக்கே தெரியும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. இந்தச் சேனல்கள் அரசியலோடு கட்டப்பட்டவை. 2021 பிப்ரவரி 4 அன்று பிரிட்டனின் ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் சிஜிடிஎன் உரிமத்தை ரத்து செய்தது. அடுத்த வாரமே சீனா தன் நாட்டில் பிபிசி வேர்ல்ட் நியூஸைத் தடை செய்தது. இங்கே 2020இல் ஒரே இரவில் 59 ஆப் போனது. பார்க்கிறவர் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் அப்படி ஒரு முடிவு வந்தால் முன்கூட்டிக் கட்டியவர் பணம்தான் மாட்டும். எல்லைப் பிரச்னையைப் பொறுத்து மூடக்கூடிய ஒரு சேவைக்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கட்ட வேண்டாம். வேறு எந்தச் சந்தாவுக்கும் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன்.

காசே இல்லாமல் ஒரு வழி

சீனக் குரலைத் தமிழ்நாடு கேட்பது புதுசு இல்லை. 1962 போர் முடிந்து ஓராண்டு கூட ஆகாத நிலையில், 1963 ஆகஸ்ட் 1 அன்று சீன வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. சீனர்களே தமிழ் கற்று, தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு பேசினார்கள். தமிழ்நாட்டு ஊர்களில் அதற்கு நேயர் மன்றங்கள் இருந்தன, கடிதம் எழுதினார்கள். கேட்டவருக்கு ஆன செலவு ஒரு சிற்றலை ரேடியோவும் பேட்டரியும் தபால் தலையும்தான். அரசு ஊடகம் தன் குரல் வெளியே கேட்க வேண்டும் என்று தானே செலவு செய்கிறது. அதனால்தான் சிஜிடிஎன் இன்றும் இலவசம். இலவசமாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்பதையும் மனதில் வைத்துச் செய்தியைக் கேளுங்கள்.

மொழி பழகத்தான் டிவி என்றால் முதல் மூன்று மாதம் யூடியூபில் இலவசமாக இருப்பதைப் பாருங்கள். தினமும் இருபது நிமிடம். மூன்று மாதம் தொடர்ந்து பார்த்தீர்கள் என்றால் பணம் கட்டுவது பற்றி யோசிக்கலாம். தொடரவில்லை என்றால் 3,300 ரூபாய் மிச்சம்.

கட்டும் முன் ஏழு கேள்வி

1. இதே விஷயம் இலவசமாகக் கிடைக்கிறதா?
2. இந்திய ஆப் ஸ்டோரில் இருக்கிறதா, தடைப் பட்டியலில் இல்லையா?
3. வரி, மார்க்கப் எல்லாம் சேர்த்து ரூபாயில் எவ்வளவு?
4. பார்ப்பது கம்பெனியா, வீடா?
5. கம்பெனி என்றால் ஜிஎஸ்டி நம்பர் கொடுத்தாச்சா, 3பியில் ரிவர்ஸ் சார்ஜ் போட்டாச்சா?
6. கார்டில் இன்டர்நேஷனல் லிமிட் வைத்தாச்சா?
7. எந்தத் தேதியில் ரத்து செய்வது என்று காலண்டரில் குறித்தாச்சா?

ஏழுக்கும் பதில் இருந்தால் தாராளமாகக் கட்டுங்கள். சப்ளையர் சொல்வதில் நாலு வார்த்தை நேரடியாகப் புரிந்தால், ஒரே மெஷின் பேரத்தில் இந்தக் காசு திரும்ப வந்துவிடும். பதில் இல்லாத கேள்வி ஒன்று இருந்தாலும் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

இன்றைக்கு ஒரு வேலை மட்டும் செய்யுங்க. கடைசி மூன்று மாத கார்டு ஸ்டேட்மெண்ட்டை எடுத்து, டாலரில் போன வரிகளை மட்டும் பேனாவால் வட்டம் போடுங்க. எதற்கு என்று உங்களுக்கே ஞாபகம் வராத வரி ஒன்றாவது இருக்கும். அதில் இருந்து ஆரம்பிக்கலாம். ரிவர்ஸ் சார்ஜை 3பியில் எப்படிப் போடுவது என்று திரையில் காட்டி அடுத்த வீடியோவில் சொல்றேன்.